பாதியில் நிற்கும் குரல்: சன் ஹவுஸ் வழியாக டெல்டா ப்ளூஸ்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் பாட்டு மரபில் ஒரு கிளை டெல்டா ப்ளூஸ். அது என்ன என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகக் காட்டப்படும் ஆள் பாடகர் ராபர்ட் ஜான்சன். நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் வித்தையை வாங்கினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. இசை காதில் விழுவதற்கு முன்பே அந்தக் கதை நம்மைப் பிடித்துக்கொள்கிறது. நான் உங்களை இன்னொருவரிடம் அழைத்துப் போக விரும்புகிறேன். அவர் பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் ஹவுஸ். உலகம் அறிந்த பெயர் சன் ஹவுஸ். இளைஞனாக இருந்த ஜான்சன் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்த மூத்தவர் இவர். தேவாலயம், பருத்திக்காடு, சிறைப்பண்ணை, சாராயக் கூடம் என்று இந்த இசை எங்கெல்லாம் ஊறி வந்ததோ அங்கெல்லாம் வாழ்ந்தவர். 1988 வரை உயிரோடு இருந்ததால் படச்சுருளிலும் பதிவானவர். அவர் கை தந்தியின் மேல் விழுவதை இன்றும் நாம் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். டெல்டா என்றதும் ஆறு கடலில் கலக்கும் இடம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து வடமேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே, மெம்பிஸ் நகரத்துப் பக்கமிருந்து தெற்கே விக்ஸ்பர்க் வரை ஏறக்குறைய 320 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் வண்டல் சமவெளி. வெள்ளம் ஆண்டாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய கரிய மண். பருத்திக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. அந்த மண்ணில் பாடுபட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதன் இடத்துக்கு விளைச்சலைப் பங்கிடும் வாரச் சாகுபடி வந்தது. நிலம், கோவேறு கழுதை, விதை எல்லாம் நிலக்கிழாருடையவை. உழைப்பு மட்டும் குடும்பத்துடையது. விளைச்சலில் பாதி அவருக்கு. அறுவடை வரை சாப்பிடுவதற்கு மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் பண்ணைக் கடையில் பற்று எழுதி வாங்க வேண்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது கணக்குப் புத்தகம் நிலக்கிழாரின் கையில் இருக்கும். கடன் தீரவில்லை என்று அவர் சொன்னால் தீரவில்லைதான்.

இந்தப் பகுதியில், கிளார்க்ஸ்டேல் நகரத்துக்கு அருகே, 1902-இல் பிறந்தவர் சன் ஹவுஸ். பெற்றோர் பிரிந்த பிறகு தாயோடு லூசியானா மாநிலத்தில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோதே தேவாலயம் அவரை ஈர்த்தது. பதினைந்து வயதிலேயே பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டார். பாப்டிஸ்ட் சபையில் போதகராக நின்றவருக்கு ப்ளூஸ் என்றால் வெறுப்பு. சபை அதைச் சாத்தானின் பாட்டு என்றுதான் சொல்லிவந்தது. கிட்டாரைக் கையில் தொடுவதே பாவம் என்று தாம் நினைத்ததாக முதுமையில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த வெறுப்பை உடைத்தது கண்ணாடிப் புட்டியின் கழுத்து. 1927 வாக்கில், ஏறக்குறைய 25 வயதில், கிளார்க்ஸ்டேலுக்கு அருகே ஒரு சிற்றூரில் ஒருவர் விரலில் எதையோ மாட்டிக்கொண்டு கிட்டார் வாசிப்பதைக் கேட்டார். அங்கேயே நின்றுவிட்டார். சில வாரங்களில் தாமும் வாசிக்கத் தொடங்கினார். அவரை நிறுத்திய ஒலி எது என்பது விளங்கினால் டெல்டா ப்ளூஸில் பாதி விளங்கிவிடும்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கோடுகள் பதிந்திருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே தந்தியை விரலால் அழுத்தினால் குறிப்பிட்ட ஒரு சுரம் பிறக்கும். அடுத்த கட்டத்தில் அழுத்தினால் அடுத்த சுரம். படிக்கட்டில் ஏறுவது போல, இந்தப் படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம், இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாது. ப்ளூஸ் பாடுகிறவரின் தொண்டை அப்படி வேலை செய்வதில்லை. அது சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கும், கீழிருந்து மெல்ல ஏறி முழுச் சுரத்தைத் தொடாமலே நின்றுவிடும். மேற்கத்திய சுர வரிசையில் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது சுரங்களைச் சற்றே தணித்துப் பாடுவது இந்த இசையின் அடையாளம். அவற்றைத்தான் ப்ளூ சுரங்கள் என்கிறார்கள். எவ்வளவு தணிப்பது என்று எழுதி வைத்த அளவு எதுவும் இல்லை. பாடுபவரின் தொண்டை அந்த நேரத்தில் முடிவு செய்வதுதான் அளவு.

அந்த வழுக்கலைக் கிட்டாருக்குக் கொடுத்தது புட்டிக் கழுத்து. உடைந்த புட்டியின் கழுத்துப் பகுதியை ஓரம் மழுக்கி விரலில் மோதிரம் போல மாட்டிக்கொள்வார்கள். கிடைக்காதவர்கள் உலோகக் குழாய்த் துண்டையோ கத்தியையோ வைத்துக்கொண்டார்கள். சன் ஹவுஸ் மாட்டிக்கொண்டது உலோகக் குழாய். தந்தியைக் கோட்டோடு சேர்த்து அழுத்தாமல், மேலே படும்படி மட்டும் வைத்து இழுத்தால், சுரம் படிகளை விட்டுவிட்டுச் சரிவில் ஓடும். கிட்டார் மனிதர்போலப் பேசும், இழுக்கும், விசும்பும்.

இதற்காகத் தந்திகளுக்குச் சுதி கூட்டும் முறையையும் மாற்றினார்கள். சாதாரணமாக ஆறு தந்திகளும் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று இருக்கும். அவற்றில் மூன்றைத் தளர்த்தி டி, ஜி, டி, ஜி, பி, டி என்று வைத்தால், இடது கையால் எதையுமே தொடாமல் வலது கையால் மொத்தமாக மீட்டினாலே இசைவான ஒரு கூட்டொலி வரும். குழாயை நேராக எந்தக் கட்டத்தில் வைத்தாலும் அந்த இசைவு அப்படியே இடம் மாறும். பள்ளியில் இசை படிக்காத ஒருவர் சில வாரங்களில் வாசிக்கத் தொடங்குவதற்கு இந்தச் சுதி பெரிய உதவி. ஆனால் எல்லோராலும் வாசிக்க முடியும் என்றாலும் சன் ஹவுஸ் போல அடிக்க முடியாது. அவர் வலது கை மேலிருந்து கீழே விழும், தடித்த தந்தியைப் பிடித்து இழுத்து விடும், அது கழுத்துப் பலகையில் பட்டு அறையும். கூடவே கால் தரையில் தாளம் போடும். தலை பின்னால் சாயும், கண் மூடிக்கொள்ளும். பிரசங்க மேடையில் கற்ற உடம்பு அது.

இனி பாட்டின் கட்டமைப்பு. ப்ளூஸில் ஒரு கண்ணி பெரும்பாலும் மூன்று அடி. முதல் அடியைச் சொல்வார்கள். அதையே இரண்டாவது முறையும் சொல்வார்கள். மூன்றாவது அடி அதற்குப் பதில் சொல்லும், அல்லது அதைக் கவிழ்க்கும். எடுத்துக்காட்டுக்காக நானே கட்டிய ஒரு கண்ணி:

விதைத்த நிலம் வெடித்துக் கிடக்கிறது, வானத்தில் ஒரு மேகம் இல்லை,
ஐயோ, விதைத்த நிலம் வெடித்துக் கிடக்கிறது, வானத்தில் ஒரு மேகம் இல்லை,
முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் மை காயவே இல்லை.

ஒரே அடியை ஏன் இரண்டு முறை சொல்ல வேண்டும்? ஒரு காரணம், மேடையிலேயே பாட்டுக் கட்டுபவருக்கு மூன்றாவது அடியை யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. இன்னொரு காரணம் கேட்பவர் பக்கம் இருக்கிறது. முதல் முறை செய்தியாக விழுவது இரண்டாவது முறை பாரமாக விழுகிறது. சொல் மாறுவதில்லை, குரல்தான் மாறுகிறது.

ஒவ்வோர் அடிக்கும் நான்கு தாள அளவு. மூன்று அடிக்குப் பன்னிரண்டு. அதனால் இதைப் பன்னிரண்டு அளவு ப்ளூஸ் என்கிறார்கள். ஆனால் சன் ஹவுஸ் போன்ற டெல்டாக்காரர்கள் எண்ணிப் பாடியவர்கள் அல்லர். மூச்சு நீண்டால் அளவும் நீளும். தனியாகப் பாடும் ஒருவர் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

இப்போது புதிதாகக் கேட்பவர் கட்டாயம் கவனிக்க வேண்டியது: குரல் அந்த நான்கு அளவையும் நிரப்புவதில்லை. பாதியில் நின்றுவிடும். மீதியைக் கிட்டார் சொல்லும். சில சமயம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லையே பாடாமல் விட்டுவிடுவார்கள், தந்தி அதைப் பாடி முடிக்கும். ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் இந்த முறை ப்ளூஸ்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொல்வார், சபை பதில் குரல் கொடுக்கும். வயலில் ஒருவர் நீட்டி ஓலமிடுவார், தொலைவில் இருந்து இன்னொரு குரல் வரும். டெல்டா ப்ளூஸில் சபையும் இல்லை, வயல் கூட்டமும் இல்லை. ஒரு மனிதர், ஒரு கிட்டார். பதில் சொல்ல வேண்டிய ஊரே அந்த ஆறு தந்திகளுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. என் கணிப்பில் இந்த இசையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சோகம் எல்லா ஊர்ப் பாட்டிலும் உண்டு. தன் கேள்விக்குத் தன் கையாலேயே பதில் தேடிக்கொள்ளும் தனிமைதான் இதை வேறாக்குகிறது.

சன் ஹவுஸ் அந்தத் தனிமையைச் சிறையில் இன்னும் நெருக்கமாகப் பார்த்தார். சனிக்கிழமை இரவுகளில் பண்ணை ஆட்கள் கூடி, மறைவாகக் காய்ச்சிய சோளச் சாராயம் குடித்து ஆடும் கூடங்களை ஜூக் கூடங்கள் என்பார்கள். அப்படி ஒரு கூடத்தில் ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் சுட, ஹவுஸின் காலில் குண்டு பட்டது. அவர் திருப்பிச் சுட்டதில் அந்த மனிதர் இறந்தார். தற்காப்புக்காகச் சுட்டதாக அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. பார்ச்மன் சிறைக்கு அனுப்பப்பட்டார். பார்ச்மன் என்பது சுமார் 20,000 ஏக்கர் பருத்திப் பண்ணை. கைதிகள் வரிசையாக நின்று மண்வெட்டியை ஒரே நேரத்தில் ஓங்குவார்கள். முன்னால் நிற்பவர் ஒரு வரி எடுப்பார், மண்வெட்டி இறங்கும்போது மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பின்தங்கினால் சாட்டை. அதனால் பாட்டு பொழுதுபோக்கு அல்ல, எல்லோரையும் ஒரே வேகத்தில் வைத்து மெலிந்தவரைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் விடுதலை கிடைத்தது. கிளார்க்ஸ்டேல் பக்கம் இனித் தலைகாட்டக் கூடாது என்று நீதிபதி எச்சரித்ததாக ஹவுஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

வடக்கே லூலா என்ற ஊருக்குப் போனார். அங்கே சார்லி பாட்டன் இருந்தார். டெல்டாவில் அப்போது அவரைவிடப் பெயர் பெற்ற பாடகர் இல்லை. அவர் வழியாகத்தான் ஒலிப்பதிவு வாய்ப்பு வந்தது. 1930 மே மாதக் கடைசியில் பாட்டன், கிட்டார் வாசிக்கும் வில்லி பிரவுன், பியானோ வாசிக்கும் லூயிஸ் ஜான்சன் ஆகியோரோடு காரில் ஏறி, வெகு தொலைவில் வடக்கே இருந்த விஸ்கான்சின் மாநிலத்துக் கிராஃப்டன் ஊருக்குப் போனார். பாரமவுன்ட் இசைத்தட்டு நிறுவனம் அங்கே இருந்தது. அது உண்மையில் ஒரு நாற்காலி நிறுவனத்தின் கிளை. மரச்சாமான் செய்தவர்கள் கிராமபோன் பெட்டி செய்தார்கள், பெட்டி விற்க வேண்டும் என்பதற்காகத் தட்டும் வெளியிட்டார்கள்.

அந்த நாள்களின் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். ஜூக் கூடத்தில் ஒரு பாட்டை மணிக்கணக்கில் நீட்டிப் பழகியவருக்கு மூன்று நிமிடம் எம்மாத்திரம்? அதனால்தான் அவருடைய பாட்டுகள் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று தட்டின் இரண்டு பக்கங்களிலும் பரவிக் கிடக்கின்றன. டெல்டாவை அப்போது வாட்டிக்கொண்டிருந்த வறட்சியைப் பற்றிய ‘டிரை ஸ்பெல் ப்ளூஸ்’ அப்படித்தான். ‘பிரீச்சிங் தி ப்ளூஸ்’ பாட்டும் அப்படித்தான். இந்த இரண்டாவது பாட்டு அவருடைய வாழ்க்கையேதான். பாடுபடாமல் இருக்கப் போதகராகிவிடலாம் என்று கேலியாகத் தொடங்குகிறது. பிறகு அவர் அறைக்குள் மண்டியிட்டு ஜெபிக்கப் போகிறார், ப்ளூஸ் வந்து அந்தப் பக்தியை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கேலி எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்குகிறது என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பதிவுக்கு 40 டாலர் கொடுத்தார்கள். பருத்திக்காட்டில் அந்தப் பணத்தைப் பார்க்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும் என்று அவர் வியந்து சொன்னது பதிவாகியிருக்கிறது. ஆனால் பொருளாதார மந்தம் தொடங்கியிருந்த காலம். தட்டுகள் விற்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் நிறுவனம் ஒலிப்பதிவையே நிறுத்திவிட்டது. மூல அச்சுகள் எஞ்சவில்லை. இன்று நாம் கேட்பதெல்லாம் யாரோ வாங்கி, தேய்த்துத் தேய்த்துக் கேட்டு, எங்கோ மூலையில் கிடந்து மீண்ட ஓரிரு தட்டுகளின் நகல்கள். ‘கிளார்க்ஸ்டேல் மோன்’ என்ற பாட்டின் தட்டு இந்த நூற்றாண்டில்தான் கண்டெடுக்கப்பட்டது.

தட்டு விற்காவிட்டாலும் ஊரில் அவர் பெயர் ஓங்கியது. சனிக்கிழமைக் கூடங்களில் அவரும் வில்லி பிரவுனும் வாசிப்பார்கள். ராபின்சன்வில் ஊரில் ஓர் இளைஞன் அவர்கள் காலடியில் உட்கார்ந்து கேட்பான். அவர்கள் இளைப்பாற வெளியே போனதும் கிட்டாரை எடுத்து அலறவைப்பான். கூட்டம் எரிச்சல்படும். பிறகு ஊரைவிட்டுப் போன அந்த இளைஞன் திரும்பி வந்து வாசித்தபோது இருவரும் வாயடைத்துப் போனார்கள். அவன்தான் ராபர்ட் ஜான்சன். சாத்தான் கதைக்குப் பின்னால் இருக்கும் நடப்பு இவ்வளவுதான். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கதை. கேலிக்கு ஆளான ஒரு சிறுவன் ஊரைவிட்டுப் போய்ப் பழகிப் பழகித் தேர்ந்து திரும்பினான் என்றால் அந்தப் பெருமை அவனுக்கு உரியது, சாத்தானுக்கு அல்ல. ஸ்டோவால் பண்ணையில் வேலை செய்த மடி வாட்டர்ஸ் என்ற பாடகரும் ஹவுஸிடம் கேட்டுக் கற்றவர்தான். பிறகு சிகாகோ போய் இதே இசையை மின் கிட்டாருக்கு மாற்றினார்.

1941-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு டெல்டாவுக்கு வந்தார். லேக் கார்மரன்ட் ஊரில் ஒரு மளிகைக் கடையில் பதிவு நடந்தது. கடைக்கு அருகே தண்டவாளம் ஓடியது. பாட்டின் நடுவே ரயில் கடந்து போகும் சத்தம் பதிவில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சத்தங்களில் ஒன்று அது. வடக்கே போகும் ரயில்தான் அந்த ஊர் மக்களின் ஒரே வாசல். இரண்டு ஆண்டுகளில் சன் ஹவுஸும் அந்த வாசல் வழியே போனார். 1943-இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்தில் குடியேறி ரயில்வே வேலையில் சேர்ந்தார். வில்லி பிரவுன் 1952-இல் இறந்தார். அதன் பிறகு ஹவுஸ் கிட்டாரைக் கைவிட்டுவிட்டார்.

1964 ஜூன் மாதத்தில் பழைய தட்டுகளைக் கேட்டுப் பித்தான மூன்று வெள்ளை இளைஞர்கள் அவரைத் தேடி மிசிசிப்பிக்குக் காரில் போனார்கள். சிவில் உரிமைக்காகப் பணியாற்றிய மூன்று இளைஞர்கள் அந்த மாநிலத்தில் கொல்லப்பட்டதும் அதே ஜூனில்தான். வெளியூர்க் காரில் போவதே ஆபத்தான காலம். ஊர் ஊராக விசாரித்த பிறகுதான் அவர் அங்கே இல்லை, ராச்செஸ்டரில் இருக்கிறார் என்று தெரிந்தது. கண்டபோது அவரிடம் கிட்டார்கூட இல்லை. பாட்டுகள் பாதி மறந்திருந்தன. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆலன் வில்சன் என்ற இளைஞர் பழைய பதிவுகளைக் கேட்டு, நீங்கள் 1930-இல் இப்படி வாசித்தீர்கள், லோமாக்ஸுக்காக 1942-இல் பாடியபோது இப்படி மாற்றினீர்கள் என்று அவருக்கே வாசித்துக் காட்டினார். சன் ஹவுஸுக்கு சன் ஹவுஸின் பாட்டு திரும்பி வந்தது. 1965-இல் கொலம்பியா நிறுவனம் அவரை மீண்டும் பதிவு செய்தது. அதன் பிறகு நியூயார்க்கின் கார்னகி அரங்கிலும் ஐரோப்பாவிலும் பாடினார். மேடையில் பாட்டுக்கு நடுவே, காதலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நடப்பதுதான் ப்ளூஸ், மற்றதெல்லாம் வெறும் சேட்டை என்று கூட்டத்துக்கு விளக்குவார். போதகர் கடைசி வரை அவரை விட்டுப் போகவே இல்லை.

கேட்கத் தொடங்குகிறவர்கள் காலவரிசைப்படி போக வேண்டாம். பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் 1965-இன் ‘டெத் லெட்டர்’. அதிகாலையில் ஒரு கடிதம் வருகிறது, நேசித்த பெண் இறந்துவிட்டாள் என்கிறது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார், பலகையில் கிடத்தியிருக்கும் உடலைப் பார்க்கிறார். கிட்டார் ரயில் போல ஓடிக்கொண்டே இருக்கிறது, நிற்க மறுக்கிறது. அவர் குரல் ஒவ்வோர் அடியிலும் பாதியில் நிற்கிறது. நிற்கும் இடத்தைக் கவனியுங்கள், அங்கே தந்தியில் குழாய் வழுக்கி ஏறும்.

அடுத்து அதே ஆண்டின் ‘கிரின்னிங் இன் யுவர் ஃபேஸ்’. இதில் கிட்டாரே கிடையாது. ஒரு தொண்டை, இரண்டு கைகள். தட்டல் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது, சற்றுத் தள்ளி விழும். தந்தி இல்லாதபோது பதில் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், அந்தக் கைத்தட்டலில் வரும்.

பிறகு லோமாக்ஸ் எடுத்த 1941, 1942 பதிவுகள், ரயிலோடு. கடைசியாக 1930. அதில் முதலில் காதில் விழுவது கரகரப்பு, கூரையில் மழை விடாமல் பெய்வது போல. முதல் முறை கேட்டபோது நான் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மற்றப் பதிவுகளைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போனேன். கரகரப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் இந்த முறை அதற்குப் பின்னால் 28 வயது மனிதர் ஒருவர் தடித்த தந்தியை இழுத்து அறைவது தெளிவாகக் கேட்டது. ஜெபிக்கப் போன வரியில் குரல் நின்றது, கிட்டார் மீதியைச் சொன்னது.